கை நனைக்காத கோழி டாக்டர்

எங்கள் பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் முதலில் வருவது முட்டை விலை. வணக்கமும் பூப்படமும் மழைச் செய்தியும் அதற்கு அப்புறம்தான். போன மாதம் ஒரு நாள் முட்டை விலைக்கு அடுத்ததாக டாக்டர் செங்கோட்டுவேலின் படம் வந்தது. தன்னைப் படம் எடுக்கவே விடாத மனிதர் அவர். அவருடைய படத்தை யாரோ தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்றால் என்ன செய்தி என்று புரிந்துவிட்டது. கீழே எழுதியிருந்ததைப் படிக்காமலே அவர் வீட்டுக்குப் போன் செய்தேன்.

அவர் மனைவி சரசக்கா எடுத்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஒரே கேள்விதான். "எப்படிக்கா?"

நான் எதைக் கேட்கிறேன் என்று அக்காவுக்குத் தெரியும். "தொண்டையில ஒண்ணுமில்ல அம்மிணி," என்றார் எடுத்த எடுப்பில். "ரெண்டு இட்லி நல்லாத்தான் முழுங்குனாரு. தண்ணி குடிச்சாரு. நேரா உக்காந்து பேப்பர் பாத்துட்டிருந்தாரு. கொஞ்ச நேரங் கழிச்சுக் கூப்புட்டேன், பேச்சில்ல. நெஞ்சு நின்னு போச்சுங்கறாங்க."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அழுகை இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. ஒரு வாய் சோறு குறுக்கே நின்று மூச்சு முட்டித்தான் இந்த மனிதர் போகப்போகிறார் என்று பல வருடங்களாக நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அப்படி நடக்கவில்லை. அவரை அறிந்த உங்களில் பலரும் இந்தச் செய்தியைக் கேட்டதும் இதையேதான் முதலில் விசாரித்திருப்பீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் முட்டைக்கோழி வளர்க்கும் யாருக்கும் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கோழிகளுக்கு மட்டுமே வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர். நான் கோழி இரத்தத்தையும் ஈரலையும் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம் நடத்துகிறவள். ஒரே கட்டடத்தில் முன்பக்கம் அவர், பின்பக்கம் நான். பண்ணைக்காரர் செத்த கோழியைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தால் முதலில் அவர் மேசை, அப்புறம் என் மேசை. என்னைவிடச் சில வயது மூத்தவர். சாதாரணமாக "அம்மிணி" என்பார், கோபம் வந்தால் "மேடம்" என்பார். நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை என்பதால் வாரத்தில் பாதி நாள் மேடமாகத்தான் இருந்தேன்.

கோழியைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பண்ணைக்காரர் "கால்ல வீக்கமுங்க" என்று காலைக் காட்டினால் காலைப் பார்க்க மாட்டார். கொண்டையில் தொடங்குவார். கண், மூக்கு, இரைப்பை, இறக்கை, எச்சம் என்று வரிசையாக வந்து கடைசியில்தான் கால். பின்னால் ஆட்கள் காத்திருந்தாலும் இதில் அவசரம் கிடையாது. "கோழி வாயத் தொறந்து சொல்லாதுங்க. அதனால முழுசாப் பாக்கோணும்," என்பார். கல்லூரியில் முதல் கோழியை அறுத்துப் பார்த்த அன்றே கறியை விட்டுவிட்டாராம். ஊரே கேலி செய்யும். "பேஷண்ட்டச் சாப்புடக் கூடாதுங்க," என்று முடித்துவிடுவார்.

நம் பக்கத்தில் ஒரு விசேஷத்துக்கு வந்தவர் கை நனைக்காமல், அதாவது சாப்பிடாமல், போனால் அது சின்ன விஷயம் இல்லை. மல்லசமுத்திரத்தில் பொன்னுசாமி அண்ணன் என்று ஒரு பண்ணைக்காரர். டாக்டரைக் கேட்காமல் ஒரு மூட்டைத் தீவனம்கூட மாற்றாதவர். அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். டாக்டர் மேடை ஏறி மொய்க் கவரைக் கொடுத்தார், பெண் மாப்பிள்ளையோடு நின்றார், இறங்கி நேராக வாசலுக்குப் போய்விட்டார். பொன்னுசாமி அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்தார். "பந்தி போட்டாச்சுங்க, ஒரு வா சாப்புட்டுட்டுப் போங்க." டாக்டர் "அவசரமாப் போகோணுங்க" என்று கையை உருவிக்கொண்டார். அவசரம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரத்திலிருந்து பொன்னுசாமி அண்ணன் வேறு டாக்டரைக் கூப்பிட ஆரம்பித்தார். "எங்கூட்டுக் கல்யாணச் சோறு பெரிய மனுசருக்கு ஆகாதாட்ட இருக்குது," என்று நாலு பேரிடம் சொன்னார். அது நாற்பது பேருக்குப் போயிற்று. டாக்டருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பண்ணைக்குப் பண்ணை பேசிக்கொண்டார்கள்.

எனக்கும் எரிச்சல்தான். முன்பெல்லாம் மதியம் என் அறையில் எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அதிலும் அவர் வருவதை நிறுத்தியிருந்தார். "சாப்பிட்டாச்சு" என்பார், எப்போது என்று தெரியாது. சட்டை தொளதொளவென்று ஆகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் எங்கள் கட்டடத்தின் பின்னால், தீவன மாதிரிகள் வைக்கும் அறையின் ஓரத்தில், சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தார். மறு கையில் தயிர்சாத டப்பா. முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. நான் பதறி முதுகைத் தட்டப் போனேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் தண்ணீர் குடித்துவிட்டு, "ஒண்ணுமில்ல அம்மிணி, தொப்பூர் மேட்டுல லாரி நின்னுபோச்சு. இப்ப ஏறிருச்சு," என்றார். நெஞ்சுக்கு நடுவில் விரலை வைத்துக் காட்டினார்.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார். சோறு தொண்டையைத் தாண்டி நெஞ்சில் போய் நின்றுகொள்கிறது. தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், இல்லை என்றால் வாந்தி. ஒரு இட்லிக்கே வெகுநேரம் ஆகும். கல்யாணப் பந்தி என்றால் அவருக்குக் குலைநடுக்கம். நமக்குத்தான் தெரியுமே, இந்தக் காலத்து மண்டபத்தில் நாம் பாயசத்துக்கு வருவதற்குள் அடுத்த பந்திக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்து இலைக்காரர்கள் மடித்துவிட்டு எழ முடியாமல் நம் முகத்தைப் பார்ப்பார்கள். "பின்னால ஆள் நின்னா எனக்கு எச்சில்கூட எறங்கறதில்ல," என்றார். அந்த நடுக்கத்தைத்தான் ஊர் தலைக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

சரசக்காவுக்கு மட்டும் ஓரளவு தெரியும். அக்கா இது தொக்கம்தான் என்று முடிவு கட்டிவிட்டார். எப்போதோ விழுங்கியது உள்ளே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, உறிஞ்சி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கை. நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் தொக்கம் எடுக்கிற அம்மா ஒருவர் இருந்தார். பட்டம் வாங்கிய மருத்துவர், மனைவியின் மனநிம்மதிக்காகப் போய் வரிசையில் உட்கார்ந்தார். அந்த அம்மா கழுத்தில் ஒரு சின்னக் குழலை வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பிக் காட்டினாராம். "பாருங்க சாமி, கோழிக்கறித் துண்டு. இதுதான் ஒட்டிட்டிருந்துச்சு." அதை மறுநாள் அவர் எனக்குச் சொன்னபோது சிரிப்பை அடக்க முடியாமல் இருமலே வந்துவிட்டது. "கறிய உட்டு எத்தன காலமாச்சு அம்மிணி! நான் சாப்புடாத பேஷண்ட்டு எப்படி எந்தொண்டைக்குள்ள வந்தான்?" நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர் நெஞ்சுக்கு நடுவில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரமே அவரைச் சேலத்து மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சரசக்காவிடம் தடுப்பூசி மருந்து எடுக்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தார். இராசிபுரம் தாண்டியதும் காருக்குள் பேச ஆரம்பித்தார். "கேன்சரா இருந்தா சரசுகிட்ட நீயே சொல்லிப்போடு. எனக்கு வாய் வராது." அதற்குத்தான் இத்தனை நாள் மருத்துவரிடம் போகாமல் இருந்திருக்கிறார். மனதுக்குள் தனக்குத் தானே தீர்ப்பு எழுதி வைத்துவிட்டுக் கோழிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். எண்டோஸ்கோப்பி செய்த மருத்துவர் ஒரு பெண், எங்கள் பிள்ளைகளின் வயது இருக்கும். "வளர்ச்சி எதுவும் இல்லைங்க. கேன்சர் மாதிரி ஒண்ணும் தெரியல," என்றார். டாக்டர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். எனக்கு எழுந்து போய் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. ஆனால் அந்தப் பெண் அதோடு விடவில்லை. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி தொய்ந்து கிடக்கிறது, சோற்றைத் தள்ளவேண்டிய தசை சரியாகத் தள்ளவில்லை, அதற்குக் காரணம் தேட வேண்டும் என்றார். அறிக்கையை வாங்கக் கையை நீட்டினார் டாக்டர். ஏசி அறை. விரல்கள் சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்திருந்தன.

"கையைக் காட்டுங்க," என்றார் அந்த மருத்துவர்.

"தொண்டைக்கு வந்தேனுங்க. கையை எதுக்குப் பாக்கறீங்க?"

"குளிர்ல இப்படி வெளுக்குமா?"

"நானு தடுப்பூசிக்காரன். நாள் பூரா ஐஸ் பெட்டிக்குள்ள கைய உட்டுட்டிருக்கறவன். வெளுக்காம என்ன பண்ணுமுங்க?"

"பெட்டியைத் தொடாத அன்னைக்கு?"

டாக்டர் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டார். பனிக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவினாலும் விரல்கள் வெளுக்கும், நீலமாகும், அப்புறம் சிவந்து குத்தும். கல்யாண மோதிரத்தைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுத்தாயிற்று. எல்லாவற்றுக்கும் பழியை ஐஸ் பெட்டியின்மேல் போட்டுவிட்டு அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார். தடுப்பூசி போடுகிற எவரும் அப்படித்தான் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பெண் அவருடைய விரல் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பளபளவென்று இறுகியிருந்த தோல் மடிப்பே விழவில்லை. "ரெண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். இரத்தப் பரிசோதனை வரட்டும், அதுக்கு முன்னால நான் எதுவும் சொல்லமாட்டேன்," என்றார்.

முடிவு வந்தது. ஸ்க்லெரோடெர்மா என்று பெயர். தோலை இறுக்கும், விரல்களின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், சிலருக்கு உணவுக்குழாயின் தசையையும் செயலிழக்கச் செய்யும். ஆட்டோ இம்யூன் நோய்களில் ஒன்று. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குவது. வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும், நுரையீரலையும் இதயத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும், முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார்கள். இதைக் கேட்டு வேறு யாராக இருந்தாலும் இடிந்துபோயிருப்பார்கள். இவர் முகத்தில் பல மாதங்களாக நான் பார்க்காத ஒரு தெளிவு வந்தது. "எதிரி யாருன்னு தெரிஞ்சுபோச்சு அம்மிணி, அது போதும்," என்றார். வரும் வழியில் அவருக்கு இன்னொரு வருத்தம். "கோழியா இருந்தா கொண்டையிலிருந்து காலு வரைக்கும் பாத்திருப்பேன். எனக்குன்னு வந்தப்ப தொண்டையத் தனியா, கையத் தனியா பாத்துப்போட்டேன்." "அப்ப இனிமே உங்களையும் சாக்குல போட்டுக் கொண்டாரோணும்," என்றேன். மேடம் என்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சித்திரை வெயிலில் நாமக்கல் கடைவீதியில் கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு நடந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். இரவில் அமிலம் மேலே ஏறாமல் இருக்கக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினார்கள். "அவருக்கு நல்லா இருக்குது. நாந்தான் விடிய விடியக் கீழ சறுக்கிட்டே கெடக்கறேன்," என்று சரசக்கா என்னிடம் புலம்பினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, நிமிர்ந்து உட்காருவது, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர், சாப்பிட்டதும் படுக்காமல் இருப்பது. மாத்திரையோடு இதையெல்லாம் விடாமல் செய்தார். லாரி மேட்டில் நிற்பது குறைந்தது. சட்டை மறுபடி உடம்போடு ஒட்டியது.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சரசக்கா கேட்டுக்கொண்டார். டாக்டர் கேட்கவில்லை. நேராக மல்லசமுத்திரம் போவோம் என்றார். பொன்னுசாமி அண்ணன் வீட்டு வாசலில் கார் நின்றபோது அண்ணன் எழுந்துகூட வரவில்லை. "வாங்க" என்றார் உட்கார்ந்தபடியே. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கையுறையைக் கழற்றி விரல்களைக் காட்டினார். "அன்னைக்குச் சாப்புடாமப் போனது திமிருல இல்லீங்க. எனக்குச் சோறு எறங்கல. பின்னால ஆள் நிக்கற பந்தியில உக்காரப் பயமா இருந்துச்சு." பொன்னுசாமி அண்ணன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இத அன்னைக்கே எங்காதுல ஒரு வார்த்த போட்டிருக்கக் கூடாதா? நா என்னென்னமோ பேசிப்போட்டனே," என்றார். உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "சந்தகை புழியுங்க. தேங்காப்பால் நெறைய எடுங்க. மெதுவா ஆகட்டும், ஒண்ணும் அவசரமில்ல."

அரிசி மாவில் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகை பஞ்சுபோல இருந்தது. தேங்காய்ப்பாலில் ஊறவைத்து ஊறவைத்து டாக்டர் சாப்பிட்டார். எனக்குப் பத்து வாயில் முடிந்துவிட்டது. அண்ணன் தன் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டு, தீவன விலையில் ஆரம்பித்து மாப்பிள்ளை வீட்டார் குணம்வரை பேசிக்கொண்டே இருந்தார். தீர்ந்ததும் வெறும் தட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். டாக்டர் கை கழுவ எழுந்த பிறகுதான் அவரும் எழுந்தார். அந்த வருடம் மகன் கல்யாணத்தில் டாக்டருக்கென்று கடைசிப் பந்தியில் இலை போடச் சொல்லி, கல்யாண வீட்டுக்காரரான தானும் அதுவரை சாப்பிடாமல் இருந்து கூட உட்கார்ந்தார். அதற்கப்புறம் எந்த ஊர் விசேஷமானாலும் டாக்டர் கடைசிப் பந்தியில்தான் இருப்பார். சமையல்காரர்களும் பரிமாறியவர்களும் ஓய்ந்துபோய்ச் சாப்பிட உட்காரும் பந்தி அது. யாரும் யாரையும் விரட்டமாட்டார்கள். ஊர்க்கதை முழுவதும் அங்கேதான் கிடைக்கிறது என்று என்னையும் இழுத்து உட்காரவைத்துவிட்டார்.

தன் நோயை அவர் ஒளிக்காததால் பலர் அவரிடம் வந்து தொண்டையைக் காட்டினார்கள். "நாங் கோழி டாக்டருங்க" என்று கும்பிடு போட்டுவிட்டு, ஒரு கேள்வி மட்டும் கேட்பார். "தொண்டைய உடுங்க. வேறெங்காச்சும் என்ன பண்ணுது?" பரமத்தி வேலூர்ப் பக்கம் முட்டை ஏற்றும் ஒருவர், சாயங்காலமானால் கண்ணிமை தொங்கிவிடுகிறது, குடிக்கிற தண்ணீர் மூக்கில் வருகிறது என்றார். அவரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அதுவும் எதிர்ப்புச் சக்தி தடம்மாறியதால் வந்ததுதான், ஆனால் வேறு நோய், வேறு மருந்து. இப்போது அந்த முட்டைக்காரர் நன்றாகச் சாப்பிடுகிறார். அதற்காக எல்லாவற்றையும் இதிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கவும் டாக்டர் விடமாட்டார். "நெறையப் பேருக்குச் சாதாரணக் காரணமாத்தான் இருக்கும். இருக்கலாமுன்னு சொல்லோணும், இதுதான்னு சொல்லிப்போடக் கூடாது," என்பார். அந்த 'இருக்கலாம்' சேலத்துப் பெண் மருத்துவரிடம் கற்றுக்கொண்ட வார்த்தை என்று என்னிடம் ஒத்துக்கொண்டார்.

காரியம் முடிந்த அன்று வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பின் சரசக்காவை இலை முன்னால் உட்காரவைத்தேன். நான் பக்கத்தில், பொன்னுசாமி அண்ணன் எதிரில். அக்கா ரசம் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார், நிறுத்திவிட்டார்.

"என்னக்கா, எறங்கலையா?"

"சுடுது அம்மிணி."

ஆறவைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அவரு சாப்புடறப்ப அவரு தொண்டையவே பாத்துட்டு உக்காந்திருப்பேன். ஒவ்வொரு வாயா எறங்குதான்னு பாத்து, அவரு எந்திரிச்சதுக்கப்பறந்தான் நாம் போட்டுக்குவேன். ஆறித்தான் கெடக்கும். சோறு சூடா இருக்குங்கறதே எனக்கு மறந்துபோச்சு." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாயை எடுத்தார்.

நான் பொறுமைசாலி இல்லை. எதையும் சட்டென்று முடித்துவிட்டு எழுந்து போகிறவள். எந்த நோயானாலும் ஆளை முழுசாகப் பார்க்க வேண்டும் என்பதோடு, அடுத்தவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கவும் செங்கோட்டுவேல் சார் என்னைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவ்வளவுதான்.

அக்கா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். நான் கை காயக் காய உட்கார்ந்திருந்தேன்.